தேத்தண்ணியில் தமிழ் எது?

பண்டாரவளை பஸ் நிலையத்துப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் காலை ஆறரை மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரே பானத்துக்கு நான்கு பெயர் கேட்கலாம். பூனாகலைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய பெரியவர், “மொதலாளி, ஒரு சாயத்தண்ணி” என்பார். கந்தோருக்குப் போகிற இளைஞருக்கு அது பிளேன்டி. பக்கத்து மேசையில் ஒருவர் சிங்களத்தில் “தே எகக்” கேட்பார். கடைக்காரர் உள்ளே திரும்பி, “ரெண்டு தேத்தண்ணி, ஒன்னு பால் போட்டு” என்று குரல் கொடுப்பார். சுவரில் தொங்கும் விலைப்பட்டியலில் மட்டும் ‘தேனீர்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை வாயால் சொன்னவர் கடைக்குள் ஒருவரும் இருக்கமாட்டார்.

இந்தப் பெயர்களில் சில பாடசாலை வாசலைத் தாண்டினால் குட்டு வாங்கும். ‘காலையில் எழும்பித் தேத்தண்ணி குடித்தேன்’ என்று எழுதிய பிள்ளையின் கொப்பியில் சிவப்பு மை விழும். மேலே ‘தேநீர் அருந்தினேன்’ என்று திருத்தம் ஏறும். ‘கொப்பி’ என்ற சொல்லில் சிவப்பு மை விழுவதில்லை என்பது வேறு கதை. தேத்தண்ணி கொச்சை, தேநீர் செந்தமிழ் என்பதுதான் அந்தத் திருத்தத்துக்குப் பின்னாலுள்ள நம்பிக்கை. இரண்டு சொல்லையும் உரித்துப் பார்த்தால் தலையில் உட்கார்ந்திருப்பது ஒரே ‘தே’. அது கப்பலில் வந்த சொல். தண்ணியும் நீரும்தான் நம்முடையவை. ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகளில் ஒன்றை மட்டும் வெளியே நிறுத்துவதற்கு என்ன நியாயம் என்று ஊவாவின் தமிழாசிரியர்களைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் ‘தே’ எங்கிருந்து வந்தது? சீனத்தில் தேயிலைக்கு எழுத்து ஒன்றுதான். அதை வாசிக்கும் வாய்கள்தான் வேறு. வடக்கிலும் கன்டோன் பக்கத்திலும் அது ‘சா’. தென்கிழக்கே ஃபூஜியன் மாகாணத்தில், அமோய் துறைமுகத்தைச் சுற்றிப் பேசும் ஹொக்கியன் மொழியில் அது ‘தே’. உலகத்தின் ஏறக்குறைய எல்லா மொழிகளும் இந்த இரண்டில் ஒன்றையே எடுத்துக்கொண்டன. எதை எடுத்தன என்பதைத் தீர்மானித்தது பெரும்பாலும் வியாபாரம். மக்காவில் கடை போட்ட போர்த்துக்கேயருக்கு வாய்த்தது ‘சா’. லிஸ்பனில் இன்றும் ‘ஷா’ என்றுதான் கேட்க வேண்டும். தரைவழியே வணிகர் கூட்டத்தோடு போன சொல் பாரசீகத்தில் ‘சாய்’ ஆகி, ரஷ்யா, துருக்கி, கிரேக்கம், இந்தி எல்லாவற்றிலும் அதே வாலோடு நிற்கிறது. ஒல்லாந்தர் ஜாவாவிலும் தாய்வானிலும் ஹொக்கியன் வணிகர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனி 1610 அளவில் ஐரோப்பாவுக்கு முதல் தேயிலையைக் கொண்டுபோனபோது, பெட்டியோடு ‘தே’ என்ற ஒலியும் போயிற்று. பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், இத்தாலியம், சுவீடன் மொழி எதைக் கேட்டாலும் தமிழ்க் காதுக்கு அச்சாகத் ‘தே’ என்றே விழும்.

ஆங்கிலமும் ஆரம்பத்தில் அப்படித்தான். 1658 செப்டெம்பரில் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் வந்த விளம்பரம், சீனர் ‘ட்சா’ என்றும் மற்றவர்கள் ‘டே’, ‘டீ’ என்றும் சொல்லும் பானம் இன்ன கோப்பிக் கடையில் கிடைக்கும் என்று மூன்று பெயரையும் வரிசையாகப் போட்டது. எது நிலைக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாத காலம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர் அலெக்சாண்டர் போப், இந்தச் சொல்லை ‘ஒபே’ என்பதோடு எதுகை சேர்த்து எழுதினார். அப்போது அது ‘டே’ என்று ஒலித்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அயர்லாந்து மொழியில் இன்றும் ‘தே’தான். லண்டன்காரர்களின் நாக்கு மட்டும் பிறகு மேலே ஏறி ‘டீ’யில் நின்றது.

அதே 1658 இல்தான் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையிலிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ‘ஷா’ என்கிறவர்கள் போய்த் ‘தே’ என்கிறவர்கள் வந்தார்கள். சிங்களத்தில் இன்றும் ‘தே’. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் தேத்தண்ணி. ஆங்கிலேயர் ஒன்றரை நூற்றாண்டு ஆண்டும் இலங்கைத் தமிழரின் அடுப்படியில் ‘டீ’யால் ‘தே’யைத் துரத்த முடியவில்லை, பிளேன்டி என்று கடைப்பக்கம் ஒரு திண்ணை மட்டும் கிடைத்தது. கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் டீதான் ராஜா. மலையாளத்தில் சாயா. செங்கோட்டையில் டீ குடித்துவிட்டு ஆரியங்காவு கணவாயைத் தாண்டிப் புனலூரில் இறங்கினால் ஃபூஜியனிலிருந்து கன்டோனுக்குப் போன மாதிரி.

போலந்துக்காரர்கள் இரண்டு பக்கமும் சாயவில்லை. மருந்துக்கடை லத்தீனில் இருந்த ‘ஹெர்பா தேயா’, அதாவது தேயிலை மூலிகை, அவர்கள் வாயில் ‘ஹெர்பாத்தா’ ஆனது. ஆனால் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலுக்கு அவர்கள் சொல்வது ‘சைனிக்’. அது ரஷ்யாவிலிருந்து வந்த ‘சாய்’ குடும்பம். கேத்தல் ஒரு வழியாலும் இலை இன்னொரு வழியாலும் வந்து ஒரே அடுப்பில் சந்தித்திருக்கின்றன.

இவ்வளவு சின்னச் சொல் என்பதால் அது போன இடமெல்லாம் உள்ளூர்ச் சொற்களோடு மோதியது. இத்தாலியத்தில் ‘தே’ என்றால் ‘உன்னை’ என்றும் பொருள். குழப்பம் வராமலிருக்கத் தேநீரின் தலையில் மட்டும் ஒரு கீற்றுப் போடுகிறார்கள். ஸ்பானியத்திலும் அதே கதை. ஹங்கேரிய மொழியில் ‘தெ’ என்றால் ‘நீ’. எஸ்தோனியர் சொல்லும் ‘தே’ பாதையையும் குறிக்கும், தேநீரையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் ஜேர்மனிலும் ஸ்பானியத்திலும் பானத்தின் பெயரும் நெடுங்கணக்கில் உள்ள ஓர் எழுத்தின் பெயரும் ஒரே ஒலி. ஓரெழுத்து ஒருமொழி என்பது தமிழின் தனிச்சொத்து என்று நினைத்துக்கொண்டிருப்போருக்கு, ஐரோப்பா தற்செயலாகச் செய்துகாட்டிய உதாரணம் இது.

சொல் விளையாட்டுக்காரர்களுக்கோ இது நல்ல வேட்டை. ஸ்க்ரபிள் விளையாட்டை 1930களில் உருவாக்கிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ், செய்தித்தாளில் எந்த எழுத்து எத்தனை தரம் வருகிறது என்று எண்ணி, அடிக்கடி வருவதற்குக் குறைந்த புள்ளியும் அரிதாக வருவதற்குக் கூடிய புள்ளியும் கொடுத்தார். அந்தக் கணக்கில் ‘டீ’ என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று புள்ளிதான். அதே பானத்தைச் ‘சா’ என்று அடுக்கினால் எட்டு. ‘சாய்’ என்றால் ஒன்பது. அமோய்த் துறைமுகத்துச் சொல்லைவிடக் கன்டோன் சொல்லுக்கு மவுசு அதிகம். ஆனால் ‘டீ’யின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் ‘சாப்பிடு’ வரும், ‘சாப்பிட்டான்’ வரும், கிரேக்க எழுத்து ஒன்றின் பெயரும் வரும். கடைசி எழுத்தை எடுத்துவிட்டு இரண்டெழுத்தில் ‘தே’ என்று வைத்தாலும் செல்லும். அது பாட்டுப் பழகுவோர் சொல்லும் ஏழாவது சுரத்தின் பெயர்.

சீனரின் விளையாட்டு இதைவிடப் பழையது. தேயிலைக்கான எழுத்தே கசப்புக் கீரையைக் குறித்த ஓர் எழுத்திலிருந்து ஒரு கோட்டை எடுத்துச் செய்ததுதான். தாங் அரச காலத்தில் அது நிலைபெற்றது. அந்த எழுத்தை மேலிருந்து கீழே பிரித்து வாசிப்போர் புல், மனிதர், மரம் என்பார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஓர் ஆள். ஜப்பானியர் அதே கோடுகளை எண்ணாகப் பிரித்து இருபது, எண்பத்தெட்டு என்று கூட்டி, 108 ஆவது பிறந்தநாளுக்குத் தேயிலைப் பிறந்தநாள் என்று பெயர் வைத்தார்கள். புல், மனிதர், மரம் என்ற வாசிப்பு பண்டாரவளை மலைச்சரிவைப் பார்த்தவர்களுக்குப் பொருந்தும். இடுப்புவரை பச்சை, மேலே நிழல் மரம், நடுவில் கூடையோடு ஒரு பெண்.

தமிழுக்கு இந்த ‘தே’ வந்து சேர்ந்தபோது வீடு காலியாக இருக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், ஒரே எழுத்தாய் நின்று பொருள் தரும் சொற்கள் நாற்பத்திரண்டு என்று கணக்கெடுத்தார். தகர வரிசையில் தா, தீ, தூ, தே, தை இருக்கின்றன. அங்கே ‘தே’ என்றால் தெய்வம். தேவாரம் என்பதைத் தே + ஆரம் என்று பிரித்துத் தெய்வத்துக்குச் சூட்டிய மாலை என்போரும் உண்டு. காளமேகம் தகர வரிசை எழுத்துகளை மட்டுமே வைத்து ஒரு வெண்பா கட்டினார். அதற்குள் வரும் ‘தே’க்கும் உரைகாரர்கள் தெய்வம் என்றே பொருள் சொல்கிறார்கள். ஆக, சீனத்துத் ‘தே’ தமிழுக்குள் வந்தபோது ஏற்கெனவே ஒரு தெய்வம் அந்த எழுத்தில் குடியிருந்தது.

தேயிலை என்ற சொல்லைப் பிரிக்கிற பிள்ளைக்கு இது வெல்லக்கட்டி. தே + இலை என்று பிரித்தால் நடுவில் யகரம் உடம்படுமெய். ஏகாரத்துக்குப் பின்னால் யகரமும் வரலாம் வகரமும் வரலாம் என்று நன்னூல் இடம் கொடுத்திருக்கிறது. கப்பல் சொல்லும் பவணந்திக்குக் கட்டுப்பட்டுத்தான் இலையோடு சேர்ந்தது. தேய் + இலை என்று பிரித்தாலும் அதே எழுத்துதான் வரும். அப்போது அது வினைத்தொகை: தேய்ந்த இலை, தேய்கின்ற இலை, தேயும் இலை. செய்யுளில் ‘இலை’ என்றால் ‘இல்லை’ என்றும் பொருள் உண்டல்லவா? அப்படி வாசித்தால் ‘தே இலை’: தேத்தண்ணி இல்லை, அல்லது தெய்வம் இல்லை. கடவுள் மறுப்பாளரும் பால் தீர்ந்துபோன கடைக்காரரும் ஒரே பலகையை மாட்டலாம்.

பஸ் நிலையத்துக் கடையின் சுவரில் எழுதியிருந்த ‘தேனீர்’ இந்த இடத்தில்தான் சிக்குகிறது. தந்நகரத்துக்குப் பதில் றன்னகரம் போட்டதும் அது தேன் கலந்த நீராகிவிட்டது. இன்னும் கூர்ந்து பார்த்தால் ஒரு தேனீ உட்கார்ந்திருக்கிறது. மேடைகளில் சிலர் இந்தத் தேனைப் பிடித்துக்கொண்டு, தேநீர் தூய தமிழ்ச்சொல் என்று நிறுவுவதுண்டு. அவர்கள் ஒரு தரம் கோப்பையையும் பார்க்கவேண்டும். ‘கோப்பை’ போர்த்துக்கேயரின் ‘கோப்பு’. உள்ளே கரைகிற ‘சீனி’ சீன தேசத்தின் பெயரைச் சுமந்து வடக்கேயிருந்து வந்தது. ‘தே’ ஃபூஜியன். எழுத்தெண்ணிப் பார்த்தால் அந்தக் கோப்பைக்குள் சந்தேகமில்லாத தமிழ் தண்ணியும் பாலும்தான். அவற்றில் ஒன்றைத்தான் ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார்.

ஊவாவுக்கு இந்தச் சொல் வந்த வழி கோப்பி வழிதான். கோப்பிக்காலத்தில் இந்த மலைகளில் தேயிலை ஒரு வேடிக்கைச் செடி. 1869 இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமைப் பக்கம்தான் கோப்பி இலையில் மஞ்சள் துரு நோய் முதலில் கண்ணில் பட்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி படுத்துவிட்டது. 1867 இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் வைத்த தேயிலை, ஊவா வரைக்கும் ஏறிவந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1894 இல் பண்டாரவளைக்கு ரயில் வந்தது. அது பதுளையைத் தொட 1924 ஆயிற்று. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசி மலையைக் காயவைக்கிறபோது வருகிற ஊவாத் தேயிலையின் வாசனைக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு.

பண்டாரவளை என்ற பெயரே காதின் விளையாட்டுத்தான். சிங்களத்தில் அது பண்டார வெல. ‘வெல’ என்றால் வயல். தமிழ் வாயில் வயல் வளையானது. பண்டாரம் வளையல் போட்ட கதையை யாராவது கட்டிவிட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

தோட்டத்துத் தமிழ் கேட்டதையெல்லாம் இப்படித்தான் தன் வாய்க்கு வளைத்துக்கொண்டது. விடியற்காலைப் பெரட்டு ஆங்கிலேயரின் பரேட். வரிசை வீடுகளுக்கு அவர்கள் வைத்த ‘லைன்’ லயம் ஆனது. லயம் என்பது பாட்டிலும் ஒரு சொல் என்பதை அந்தப் பத்தடி அறைக்குள் இருந்தவர்கள் கசப்போடு நினைத்திருக்கக்கூடும். ஒவ்வொரு லயத்திலும் உள்ள ‘காம்பரா’ போர்த்துக்கேயச் சொல். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற இடம் பிள்ளைக்காம்பரா. தோட்டத்தின் பிரிவுகளுக்குக் ‘கணக்கு’ என்று பெயர்: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு. பதினெண்கீழ்க்கணக்கை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, தன் அம்மா மேற்கணக்கில் கொழுந்து எடுக்கிறாள் என்பதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவம் சிங்களத்து ‘மடுவ’. தொழிற்சாலைக்கு வாய்ச்சொல் ‘இஸ்டோரு’. அங்கே பெட்டியில் பொறிக்கிற பீ.ஓ.பீ. என்ற தரப்பெயரைப் பிரித்தால் ‘உடைந்த’ என்பது ஆங்கிலம். ‘ஒரேஞ்’ ஒல்லாந்து அரச குடும்பத்தின் பெயர் என்பார்கள். ‘பெக்கோ’ மறுபடியும் ஹொக்கியன், கொழுந்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பூனைமயிரைக் குறித்த சொல். மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கிற பெண்ணின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் பார்த்தால் ஓரமெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். தேய் + இலை என்ற வினைத்தொகைக்கு இலக்கண ஆசிரியர் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இந்தச் சொற்களுக்குள் மிகக் கூர்மையானது முழுத் தமிழ்ச்சொல்: பேர். ஒரு நாள் வேலை செய்தால் வேலைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேர். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். ஆங்கிலத்தில் எழுதிய தோட்டக் கணக்குகளிலும் இதை அப்படியே பெயர்த்துப் போட்டார்கள். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதிப் பெயர் என்பதை எந்த நவீன கவிஞரும் எழுதிப் பார்த்துப் பெருமைப்படுவார். தோட்டத்தில் அது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். வீட்டில் அம்மா, “இன்னிக்கு அரைப்பேருதான்” என்று சொன்னால் அந்த மாதக் கடைக்கணக்கு எப்படியிருக்கும் என்பதும் அதற்குத் தெரியும்.

‘தே’ வந்த வழியில் எதிர்த்திசையில் போன தமிழ்ச்சொல்லும் ஒன்று உண்டு. கூலி. ஆங்கிலத்தில் நுழைந்த இந்தச் சொல்லுக்குத் தமிழ்க் ‘கூலி’யும் குஜராத்தின் கோலி மக்கள் பெயரும் ஆகிய இரண்டு மூலங்களை 1886 இல் வந்த ஹொப்சன் ஜொப்சன் அகராதி விவாதித்தது. எந்தப் பக்கம் தீர்ப்பானாலும், தமிழில் உழைப்புக்குக் கிடைப்பதைக் குறித்த சொல், வெள்ளைக்காரர் வாயில் உழைக்கிற ஆளைக் குறித்தது. பணம் மனிதராயிற்று. திருக்குறளின் 619 ஆவது குறளில் வள்ளுவர் இதே கூலியை எவ்வளவு உயர்த்தி வைத்தார் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்: தெய்வத்தால் முடியாமல் போனாலும், உடம்பை வருத்தியதற்கான கூலி வந்தே தீரும் என்பது அவர் கட்சி. தேயும் கூலியும் ஒரே குறளில் எதிரெதிரே நிற்கின்றன.

அந்தச் சொல் ஜேர்மனிக்குப் போய் எடுத்த வேடம் இன்னும் விசித்திரம். 1928 இல் ஹம்பர்க்கில் ஒரு நிறுவனம், குழாய் முனைப் பேனா ஒன்றுக்கு ‘டின்டன்கூலி’ என்று பெயர் வைத்தது: மைக்கூலி. எழுதுகிற கடின வேலையையெல்லாம் அது செய்யும் என்பது விளம்பரம். பின்னால் வந்த குமிழ்முனைப் பேனாவின் நீண்ட ஜேர்மன் பெயரும் ‘கூ’வில் தொடங்கியதால், சுருக்கிக் கூலி என்றே அழைக்கத் தொடங்கினார்கள். பெர்லினில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் இன்று “உன் கூலியைத் தா” என்று கேட்டால் பேனா கைமாறும். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு விடுதலை கிடைக்கவில்லை. தோட்டத்து மக்கள் அதை ஒதுக்கிவைத்துவிட்டுச் சம்பளம் என்றார்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்கில் போராடி 2021 இல் அது வர்த்தமானியில் வந்தபோதும், பதாகையில் இருந்த சொல் ‘சம்பளம்’தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு சமூகமே தன் சொல்லைத் தானே திருத்திக்கொண்ட இடம் இது. திருத்தம் என்றால் இப்படி இருக்கவேண்டும். தேத்தண்ணியின் மேல் கீறுகிற சிவப்புக் கோடு அந்த வகையில் சேராது.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. சாதாரண தரப் பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் எங்கோ தொலைவில் இருப்பார். தேத்தண்ணியைப் பார்த்துப் புள்ளியைக் குறைத்துவிடுவாரோ என்ற பயம் நியாயமானது. பொதுத்தமிழ் பிள்ளைக்கு வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ‘தேநீர் அருந்தினேன்’ என்று எழுதத் தெரியாமல் தோட்டத்துப் பிள்ளை வெளியே போனால் நட்டம் அதற்குத்தான். ஆனால் புதிய சொல்லைக் கற்றுக்கொடுப்பதற்குப் பழையதைப் பிழை என்று அடிக்கவேண்டிய தேவை எங்கே வந்தது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இது கடிதத்துக்கு, இது கதைக்கு, இது அம்மாவோடு பேச என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். பிழை என்று கேட்ட பிள்ளை, சொல்லோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தவளையும் பிழையாக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அதுதான் இதில் பெரிய சேதம்.

2023 இல் மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். கால்கள் நடந்த வழியை மீட்டது நல்லது. சொற்கள் நடந்த வழியும் உண்டு. தலவாக்கலையிலிருந்து 1947 இல் நாடாளுமன்றம் போன சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்த வேலை சொற்களுக்கும் தொடரவேண்டும், அதைப் பாடசாலைப் பிள்ளைகளே செய்யலாம். வருடாவருடம் நடக்கிற தமிழ் மொழித் தினப் போட்டிகளில் பேச்சும் கவிதையும் நடனமும் இருக்கின்றன. ஊவாவின் கோட்ட மட்டத்தில் ஒரு சொல்வேட்டையையும் சேர்த்துப் பார்க்கலாம். பெரட்டு, காம்பரா, மடுவம், இஸ்டோரு, துண்டு, கவ்வாத்து, கைக்காசு என்று சீட்டில் எழுதிப் போட்டு, எடுத்த சொல் எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது, வீட்டில் யார் அதைச் சொல்கிறார்கள், என்ன வாக்கியத்தில் சொல்கிறார்கள் என்று எழுதச் சொல்லலாம். ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்க்ரபிள் பலகையில் டீக்கு மூன்று, சாய்க்கு ஒன்பது என்று காட்டினால் அன்று மொழிப்பாடத்தில் யாரும் தூங்கமாட்டார்கள்.

அகராதி வேண்டுமென்றால் தூரம் போகவேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு லயத்தின் அடுப்படியில் அப்பாயி எழும்பியிருப்பார். விறகு புகைய, கரிப்பிடித்த கேத்தலில் தண்ணி கொதிக்கும். தூளைப் போட்டு மூடிவைத்துவிட்டு, “சாயம் எறங்கட்டும், பொறு” என்பார். பெரட்டுக்கு இன்னும் ஒரு மணிநேரம் இருக்கிறது. கொப்பியும் பேனாவும் கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் பத்துச் சொல்லாவது கிடைக்கும், கையில் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு.